காவல் கொட்டிலுக்கு ஒரு விளக்கு: எல்ஈடி சுற்று அமைப்பதும் பழுது பார்ப்பதும்

முத்தையன்கட்டுப் பக்கம் மாமாவுக்கு மூன்று ஏக்கர் வயல். காலபோக நெல் முற்றத் தொடங்கினால் அறுவடை முடியும்வரை அவருக்கு இரவில் காவல் கொட்டிலில்தான் படுக்கை. யானை வரும், பன்றி வரும். அவற்றை விட அவருக்குப் பயம், ஏணியடியில் சுருண்டு கிடக்கக்கூடிய புடையன் பாம்பு. கையில் டோர்ச் இருந்தாலும், இறங்கும் இடத்தில் விடியும்வரை ஒரு வெளிச்சம் நிற்க வேண்டும் என்றார். வீட்டில் பழைய மோட்டார் சைக்கிள் பற்றரி ஒன்று சும்மா கிடந்தது. பன்னிரண்டு வெள்ளை எல்ஈடி, நாலு தடையி, ஒரு பின்னேர வேலை. செய்து மாட்டிக் கொடுத்தேன். அடுத்த போகம் வருவதற்குள் மூன்று எல்ஈடி செத்து, மிச்சம் மங்கிப்போய் நின்றன.

கூட்டல் கழித்தலில் நான் பிழை விடவில்லை. எந்த எண்ணை வைத்துக் கணக்குப் பார்த்தேன் என்பதில்தான் பிழை. அந்த விளக்கை முதலில் இருந்து திரும்பக் கட்டுவது போலவே இந்த வழிகாட்டியை எழுதுகிறேன். பள்ளிக்கூடத்தில் ஓமின் விதி படித்து மறந்தவர்களுக்கும் இது விளங்கும்.

வேண்டிய சாமான்கள்

5 மி.மீ. வெள்ளை எல்ஈடி 12 (நாலைந்து கூடுதலாக வாங்குங்கள்), கால் வாட் தடையிகள், துளை போட்ட சுற்றுப் பலகை ஒரு துண்டு, இரண்டு நிற வயர், ஒரு சுவிச், 1 அம்பியர் பியூசும் அதற்கான கூடும், சோல்டரிங் அயர்ன், ஈயம். கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ ரேடியோ, டிவி உதிரிப்பாகம் விற்கும் கடைகளில் எல்லாம் கிடைக்கும். பாடப்புத்தகம் "தடையி" என்று சொல்வதைக் கடையில் றெசிஸ்ரர் என்று கேளுங்கள். எல்ஈடியை அப்படிப் பாடப்புத்தகப் பெயரில் "ஒளிகாலும் இருவாயி தாங்கோ" என்று கேட்டால் கடைக்காரர் சிரிப்பார்.

இவற்றோடு ஒரு மல்ரிமீற்றர். விலை குறைந்தது போதும். மீற்றர் இல்லாமல் விளக்கைக் கட்டிவிடலாம். பழுது பார்க்க முடியாது. மீற்றர் இல்லாதவர் செய்வதெல்லாம் ஒவ்வொரு சாமானாக மாற்றிப் பார்ப்பதுதான்.

எல்ஈடியின் குணம்

பழைய இழை பல்ப்பில் உள்ள இழை சூடாகச் சூடாகத் தடை கூடும். அதனால் மின்னோட்டம் ஓரளவு தானாகவே கட்டுப்படும். எல்ஈடிக்கு அந்த அடக்கம் கிடையாது. சிறு குளத்தின் வான், அதாவது குளம் நிரம்பினால் மேல்நீர் வழியும் இடம் மாதிரி என்று நினைத்துக்கொள்ளுங்கள். நீர் வான் மட்டத்துக்கு வரும்வரை ஒரு சொட்டும் வெளியே போகாது. மட்டத்தைத் தாண்டி நாலு விரல் ஏறினால் போதும், பாலம் மூடிப் பாயும். எல்ஈடியும் தன் மட்டத்துக்குக் கீழே கிட்டத்தட்ட ஒன்றும் கடத்தாது. அதற்கு மேலே வோல்ற் கொஞ்சம் ஏறினாலும் மின்னோட்டம் பல மடங்கு எகிறிவிடும். அதை அடக்கி வைக்கத்தான் தடையி.

அந்த மட்டம் நிறத்துக்கு நிறம் வேறு. சிவப்புக்கு 1.8 முதல் 2.2 வோல்ற் வரை. மஞ்சளுக்கு ஏறக்குறைய 2. வெள்ளைக்கும் நீலத்துக்கும் 3.0 முதல் 3.4 வரை. பச்சையில் இரண்டு சாதி உண்டு. பழைய மங்கல் பச்சை 2.1 அளவில் எரியும். கண்ணைக் குத்தும் புதுப் பச்சைக்கு 3 வோல்ற்றுக்கு மேல் வேண்டும். சாதாரண 5 மி.மீ. எல்ஈடி எந்த நிறமானாலும் தொடர்ந்து தாங்கும் மின்னோட்டம் 20 மில்லி அம்பியர்தான். இந்த 20 உச்ச எல்லை. அதையே குறியாக வைத்துக் கட்டக் கூடாது.

எல்ஈடிக்குத் திசையும் உண்டு. நீண்ட கால் நேர்முனை. குட்டைக் கால் எதிர்முனை. அந்தப் பக்கம் விளிம்பு கொஞ்சம் தட்டையாகச் சீவியிருக்கும். மாறிக் கொடுத்தால் எரியாது. மாறிய திசையில் 5 வோல்ற்றுக்கு மேல் போனால் கெட்டுப்போகவும் கூடும்.

வன்னியில் தொண்ணூறுகளைக் கண்டவர்களுக்கு சைக்கிள் டைனமோ ஞாபகம் வரும். பொருளாதாரத் தடையில் பற்றரி உள்ளே வராத காலம். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து ஒருவர் பெடலைச் சுற்ற, மற்றவர்கள் ரேடியோவில் செய்தி கேட்பார்கள். அதே டைனமோவில் எல்ஈடி எரிக்கலாமா என்று இப்போதும் சில பொடியன்கள் கேட்கிறார்கள். எரிக்கலாம், ஆனால் நேரடியாக அல்ல. 6 வோல்ற், 3 வாட் என்று எழுதியிருக்கும் டைனமோ தருவது ஆடலோட்டம். ஒரு நொடிக்குள் பல முறை திசை மாறும். வேகம் கூடினால் வோல்ற்றும் 6ஐத் தாண்டி ஏறும். ஆகவே 1என் 4007 டையோட் நாலை வைத்துப் பாலம் கட்டி ஒரே திசைக்குத் திருப்பி, அப்புறம் தடையி வழியாகத்தான் எல்ஈடிக்குக் கொடுக்க வேண்டும்.

தடையிக் கணக்கு

முதலில் சின்னக் கணக்கு. பற்றரி அல்லது சார்ஜர் தரும் வோல்ற்றில் இருந்து எல்ஈடி எடுக்கும் வோல்ற்றைக் கழியுங்கள். மிச்சத்தை வேண்டிய மின்னோட்டத்தால், அம்பியரில் எழுதி, வகுங்கள். வருவது ஓம்.

போன் சார்ஜரில் ஒரு வெள்ளை எல்ஈடி எரிக்க வேண்டும் என்று வைப்போம். சார்ஜர் 5 வோல்ற், எல்ஈடி 3.2, மிச்சம் 1.8. அதை 0.015 ஆல் வகுத்தால் 120 ஓம். 120 ஓம் தடையி கடையில் இருக்கிறது, வேலை முடிந்தது. 9 வோல்ற் பற்றரியில் சிவப்பு எல்ஈடி என்றால் 9 கழித்தல் 2, மிச்சம் 7, 0.015 ஆல் வகுத்தால் 467. அப்படி ஒரு தடையி கடையில் இல்லை, கிட்டத்தில் உள்ளது 470. வரும் விடை கடை எண்ணோடு பொருந்தாவிட்டால் எப்போதும் மேலே உள்ளதை எடுங்கள். வெளிச்சத்தில் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது.

தடையியில் சூடாக வீணாகும் வாட்டையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். மேலே சொன்ன 7 வோல்ற்றை 0.015 ஆல் பெருக்கினால் 0.105 வாட். கால் வாட் தடையிக்கு அது சும்மா.

நான் விட்ட பிழை

இனி 12 வோல்ற் பற்றரி. மூன்று வெள்ளை எல்ஈடியைத் தொடராகக் கோர்த்தால் மூன்று தடவை 3.2, அதாவது 9.6 வோல்ற். பற்றரியை அளந்தேன், 12.6. மிச்சம் 3. 20 மில்லி அம்பியருக்கு 150 ஓம். அழகாக வந்த விடையை நம்பி அப்படியே வைத்தேன்.

பிறகு மாமா 10 வாட் சோலார் பனல் ஒன்றும் சார்ஜ் கொன்றோலரும் வாங்கிப் பற்றரியில் சேர்த்துக்கொண்டார். நல்ல யோசனைதான். ஆனால் ஈய அமிலப் பற்றரியை 12 என்று பெயர் சொல்லிக் கூப்பிடுகிறோமே தவிர, அது ஒரு நாளும் ஓரிடத்தில் நிற்பதில்லை. முழுதாக நிரம்பி ஓய்ந்திருக்கும்போது 12.7 அளவில் இருக்கும். இறங்கிப்போனால் 11.8. சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும்போது 14.4 வரை போகும். ஓடும் மோட்டார் சைக்கிளிலும் அப்படித்தான். மாமா பகலில் விளக்கை அணைக்க மறந்த நாட்களில், 14.4 கழித்தல் 9.6, மிச்சம் 4.8. அதை 150 ஆல் வகுத்தால் 32 மில்லி அம்பியர். உச்சி வெயில் சூட்டில், எல்லையைப் போல ஒன்றரை மடங்கு. ஒரே நாளில் சாகாது, மாதக்கணக்கில் வெந்து சாகும். அதனால்தான் எனக்குக் காரணம் பிடிபட நேரமெடுத்தது.

ஆகவே உச்ச வோல்ற்றுக்குக் கணக்குப் பாருங்கள், இறங்கிய வோல்ற்றில் எரிகிறதா என்று சரி பாருங்கள். இதே மூன்று எல்ஈடிக்கு 270 ஓம் வைத்தால் 14.4 இல் 17.8 மில்லி அம்பியர், 12.5 இல் ஏறக்குறைய 10.7, பற்றரி 11.8 க்கு இறங்கினாலும் 8. எல்லா நேரமும் எல்லைக்குள். பாதி மின்னோட்டம் என்றால் பாதி வெளிச்சம் என்று பயப்பட வேண்டாம். இருட்டுக்குப் பழகிய கண்ணுக்கு 10 மில்லி அம்பியரும் 20 மில்லி அம்பியரும் அவ்வளவு வித்தியாசமாகத் தெரியாது.

நாலு எல்ஈடியைத் தொடராக்கினால் தடையியே தேவையில்லையே என்று சிலர் கேட்பார்கள். நாலு வெள்ளைக்கு 12.8 வேண்டும். சார்ஜ் ஏறும்போது கண்ணைப் பறிக்கும், இரவில் மினுங்கிக்கொண்டிருக்கும். தேவைக்கு நேர்மாறு.

இன்னொரு குறுக்குவழி, பன்னிரண்டையும் சமாந்தரமாகக் கட்டி ஒரே தடையி வைப்பது. இதைச் செய்யாதீர்கள். ஒரே பெட்டியில் வாங்கிய எல்ஈடிகளுக்குள்ளும் ஒன்றின் மட்டம் 3.1 ஆகவும் இன்னொன்றின் மட்டம் 3.2 ஆகவும் இருக்கும். மட்டம் குறைந்தது மற்றவற்றின் பங்கையும் சேர்த்து இழுக்கும். இழுத்தால் சூடாகும், சூடானால் அதன் மட்டம் இன்னும் இறங்கும், இன்னும் இழுக்கும். அது போனதும் அடுத்தது தொடங்கும். மூன்று எல்ஈடி கொண்ட ஒவ்வொரு வரிசைக்கும் தனித் தடையி. நாலு வரிசை, நாலு 270 ஓம் தடையி.

எத்தனை இரவு எரியும்

நாலு வரிசைக்கும் சேர்த்து 43 மில்லி அம்பியர். பன்னிரண்டு மணி நேர இரவுக்கு 0.52 அம்பியர் மணி. பற்றரியில் 5 அம்பியர் மணி என்று எழுதியிருந்தாலும் பழையது, பாதிதான் இருக்கும் என்று எடுங்கள். அதிலும் பாதிக்குமேல் இறக்கினால் ஈய அமிலப் பற்றரியின் ஆயுள் குறையும். மிஞ்சுவது 1.25. சோலார் இல்லாமலே இரண்டு இரவு தாங்கும். மார்கழி மழையில் வெயில் முகம் காட்டாத நாட்களுக்கு இது முக்கியம்.

கட்டும் முறை

முதலில் பியூஸ். விளக்கு சின்னதாக இருக்கலாம், பற்றரி சின்னதல்ல. இரண்டு வயரும் எங்கேயாவது முட்டினால் மோட்டார் சைக்கிள் பற்றரி வயரைச் செந்தணலாக்கும். கொட்டில் கூரையோ கிடுகு. பற்றரியின் நேர்முனையில் இருந்து ஒரு சாணுக்குள் 1 அம்பியர் பியூஸ் இருக்க வேண்டும். விளக்குக்குப் பக்கத்தில் வைத்தால் நடுவில் உள்ள வயருக்குக் காவல் இல்லை.

அடுத்தது தடையிகளை மீற்றரில் அளப்பது. 270 ஓம் என்றால் சிவப்பு, ஊதா, பழுப்பு. 27,000 ஓம் என்றால் சிவப்பு, ஊதா, ஆரஞ்சு. இரவில் மஞ்சள் பல்ப்பின் கீழே பழுப்பும் ஆரஞ்சும் ஒன்றுபோலத்தான் தெரியும். ஐந்து வளையம் போட்ட தடையி என்றால் 270 ஓம் சிவப்பு, ஊதா, கறுப்பு, கறுப்பு என்று வரும். கடைசி வளையம் பிழைவீதம். நிறத்தைப் படித்து மினக்கெடுவதை விட அளந்துவிடுவது சுலபம்.

எல்ஈடிகளையும் வைக்கும் முன்பே பாருங்கள். மீற்றரை டையோட் குறியில் வைத்து, சிவப்பு முனையை நீண்ட காலிலும் கறுப்பைக் குட்டைக் காலிலும் தொடுங்கள். சிவப்பு எல்ஈடி மங்கலாக எரிந்து 1.6, 1.8 போல ஒரு எண் காட்டும். வெள்ளை சில மீற்றர்களில் எரியாது. அந்த மீற்றர் தரும் வோல்ற் வெள்ளையின் மட்டத்தைத் தொடாது. எல்ஈடி செத்துவிட்டது என்று எறிந்துவிடாதீர்கள். 9 வோல்ற் பற்றரியும் ஒரு 1,000 ஓம் தடையியும் வைத்துப் பார்த்தால் உண்மை தெரியும்.

இனிப் பலகை. நேர்முனை வயர், தடையி, முதல் எல்ஈடியின் நீண்ட கால். அதன் குட்டைக் காலில் இருந்து அடுத்ததன் நீண்ட கால். மூன்றாவதன் குட்டைக் கால் எதிர்முனைக்கு. ஒரு வரிசையை முடித்து எரித்துப் பார்த்துவிட்டு அடுத்ததைத் தொடங்குங்கள். நாலையும் முடித்துவிட்டுத் தேடினால் பிழை ஒளிந்துகொள்ளும்.

ஈயம் ஒட்டும்போது அயர்ன் நுனியால் காலையும் செம்பையும் சேர்த்துச் சூடாக்கி, ஈயத்தை அங்கே கொடுங்கள். நுனியில் ஈயத்தை உருக்கி எடுத்துவந்து தடவினால் ஒட்டியது போலத் தெரியும், உள்ளே பிடித்திருக்காது. மூன்று நொடிக்குமேல் ஒரு காலில் நிற்காதீர்கள். எல்ஈடியின் பிசின் உடம்பு அதிகச் சூடு தாங்காது. நல்ல ஒட்டு சின்ன மலை போல இறங்கிப் பளபளக்கும். உருண்டையாக நிற்பது பிறகு தலையிடி தரும்.

வெளியே வைக்கும் விளக்கு என்பதால் கடைசியில் செம்புப் பக்கம் முழுவதும் வார்னிஷ் ஒரு பூச்சு. ஐப்பசி தொடங்கி மார்கழிவரை இங்கே காற்றே ஈரம். பூசாத செம்பு ஒரு மழைக்காலத்தில் பச்சைக் களிம்பு பிடிக்கும்.

தானாக எரியும்படி

மறதிக்கு மருந்தில்லை. அதனால் இரண்டாம் தடவை கட்டியபோது, இருட்டினால் தானாக எரியவும் விடிந்தால் தானாக அணையவும் வைத்தேன். அதற்கு மேலதிகமாக மூன்று சாமான்: ஒளியுணர் தடையி ஒன்று, பிசி 547 திரான்சிற்றர் ஒன்று, 33,000 ஓம் தடையி ஒன்று. மூன்று ஆரஞ்சு வளையம், மறக்க வழியில்லை.

ஒளியுணர் தடையிக்கு வெளிச்சம் பட்டால் தடை சில நூறு ஓமுக்கு இறங்கும், இருட்டில் லட்சக்கணக்கில் ஏறும். 33,000 ஓமை நேர்முனையில் இருந்து திரான்சிற்றரின் அடிவாய் (பேஸ்) காலுக்குக் கொடுங்கள். ஒளியுணர் தடையியை அடிவாய்க்கும் எதிர்முனைக்கும் நடுவில் வையுங்கள். பகலில் 33,000 வழியாக வரும் மின்னோட்டம் முழுவதும் ஒளியுணர் தடையி வழியாகக் கீழே போய்விடும், அடிவாயில் 0.6 வோல்ற் சேராது, விளக்கு எரியாது. இருட்டினால் அந்த வழி அடைபட்டு மின்னோட்டம் அடிவாய்க்குள் போகும், விளக்கு எரியும். நாலு வரிசையின் எதிர்முனைகளையும் ஒன்றாக்கிச் சேர்ப்பான் (கலெக்ரர்) காலில் கொடுத்து, காலி (எமிற்றர்) என்ற காலைப் பற்றரியின் எதிர்முனையோடு சேருங்கள்.

பிசி 547 இன் தட்டையான முகம் உங்களைப் பார்த்து, கால்கள் கீழே இருந்தால், இடமிருந்து வலம் சேர்ப்பான், அடிவாய், காலி. கடையில் அது இல்லை என்று 2என் 3904 தந்தால் வேலை செய்யும், ஆனால் அதன் கால்கள் தலைகீழ் ஒழுங்கில்: காலி, அடிவாய், சேர்ப்பான். பிசி 547 தாங்குவது 100 மில்லி அம்பியர். நம்முடைய நாலு வரிசை 14.4 வோல்ற்றிலும் 71 தான். எல்ஈடியைக் கூட்ட ஆசைப்பட்டால் வேறு திரான்சிற்றர் தேட வேண்டும்.

விளக்கின் வெளிச்சமே ஒளியுணர் தடையியில் விழும்படி வைத்தால் வேடிக்கை பார்க்கலாம். எரியும், தன் வெளிச்சத்தைப் பகல் என்று நினைத்து மங்கும், கடைசியில் அரைகுறையாக நிற்கும். பேனை மூடி ஒன்றை வெட்டிக் குழாயாக்கி, அதற்குள் வைத்து வானத்தைப் பார்க்கத் திருப்பிவிடுங்கள்.

எரியவில்லை என்றால்

"தம்பி, லைற் எரியுதில்லை, ஒருக்கா வந்து பார்" என்று மாமா கூப்பிட்டால் நான் முதலில் பார்ப்பது எல்ஈடியை அல்ல. அது குறைவாகவே பழுதாகும். பற்றரி முனைகள், பியூஸ் கூடு, சுவிச், வயர் மூட்டு, அப்புறம்தான் பலகை.

மீற்றரை வோல்ற் குறியில் வையுங்கள். சிவப்பு வயர் அம்பியர் துளையில் செருகியிருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். அப்படியே பற்றரியில் தொட்டால் மீற்றருக்குள் இருக்கும் பியூஸ் போய்விடும். பற்றரி முனையில் 12.5 இருக்கிறதா? இருந்தாலும் உடனே நம்பாதீர்கள். செத்த பற்றரியும் சுமை இல்லாமல் 12.5 காட்டும். மோட்டார் சைக்கிள் சிக்னல் பல்ப் ஒன்றைக் கொழுவிப் பாருங்கள். 10க்குக் கீழே விழுந்தால் பற்றரிதான் குற்றவாளி. முனையில் வெள்ளைப் பொடி பூத்திருந்தால் அப்பச்சோடா கரைத்த தண்ணீரால் கழுவித் துடைத்துவிட்டு மீண்டும் பாருங்கள்.

பற்றரி சரி, பலகையில் வோல்ற் குறைவு என்றால் நடுவில் எங்கேயோ போகிறது. விளக்குக்குப் போகும் சுற்று இணைந்திருக்கும்போதே மீற்றரின் இரண்டு முனையையும் பியூஸ் கூட்டின் இரண்டு பக்கத்திலும் வையுங்கள். நல்ல கூடு 0 காட்டும். 1 வோல்ற், 2 வோல்ற் காட்டினால் உள்ளே களிம்பு. சுவிச்சுக்கும் ஒவ்வொரு மூட்டுக்கும் இதே சோதனை. எதையும் கழற்றத் தேவையில்லை. இந்த ஒரு பழக்கத்துக்காகவே மீற்றர் வாங்கலாம்.

பலகைவரை வோல்ற் ஒழுங்காக வந்து, ஒரு வரிசை மட்டும் எரியவில்லை என்றால், அந்த வரிசையின் தடையிக்குக் குறுக்கே அளவுங்கள். திரான்சிற்றர் வைத்த விளக்கு என்றால் முதலில் ஒளியுணர் தடையியை விரலால் மூடிக்கொள்ளுங்கள். 270 ஓமில் நல்ல வரிசைக்கு 2.9 வோல்ற் போல வரும். அதை 270 ஆல் வகுத்தால் 10.7 மில்லி அம்பியர், சுகமாக இருக்கிறது. 0 வந்தால் சுற்று எங்கோ அறுந்திருக்கிறது. மூன்று எல்ஈடியையும் ஒவ்வொன்றாக அளந்து வாருங்கள். ஒன்றில் மட்டும் 7, 8 வோல்ற் என்று ஒவ்வாத எண் வரும். எல்ஈடி செத்திருக்கும், அல்லது அதன் காலில் ஈயம் விட்டிருக்கும். எல்ஈடியை மாற்றுமுன் அந்த ஒட்டை ஒருமுறை திரும்பச் சூடாக்கிப் பாருங்கள். என் அனுபவத்தில் பாதி அதோடு சரியாகிவிடும்.

தடையியில் 6 வோல்ற் வந்தால் கதை வேறு. ஒரு எல்ஈடி உள்ளே முட்டி வெறும் வயர் போல ஆகிவிட்டது, அல்லது ஈயத் துளி இரண்டு காலையும் இணைத்திருக்கிறது. மற்ற இரண்டும் 22 மில்லி அம்பியரில் பளிச்சென்று எரிவதைப் பார்த்துப் பலர் சந்தோசப்படுவார்கள். அதுதான் அடுத்த சாவுக்கான அறிகுறி.

வரிசை ஒன்று மங்கலாக மினுங்கினால் தடையியின் ஆரஞ்சு வளையத்தை நினைவுபடுத்துங்கள். 27,000 ஓமிலும் வெள்ளை எல்ஈடி இருட்டில் லேசாக மினுங்கும். ஒன்றுமே எரியாமல் இருந்தால் உடனே சந்தேகம் வந்திருக்கும். தட்டும்போது எரிந்து, கையை எடுத்ததும் அணைந்தால், குற்றம் ஈய ஒட்டில். எல்லா வரிசையும் ஒன்றாகத் துடித்தால் பலகையை விட்டுவிட்டுப் பற்றரி, பியூஸ் பக்கம் போங்கள்.

சோலார் வைத்தவர்களுக்கு ஒன்று. கொன்றோலர் இல்லாமல் பனலை நேரே பற்றரியில் கொடுத்திருந்தால், பற்றரி முனை கழன்ற நேரம் பனல் தன் முழு வோல்ற்றையும் விளக்குக்குத் தரும். 12 வோல்ற் பனல் சுமையில்லாமல் 20 தாண்டும். நம்முடைய 270 ஓமுக்கும் அது 38 மில்லி அம்பியர்.

கோயில் திருவிழாவுக்கும் கலியாண வீட்டுக்கும் கட்டும் எல்ஈடிப் பட்டியிலும் உள்ளே இதே கணக்குத்தான், மூன்று எல்ஈடிக்கு ஒரு தடையி. அதனால்தான் மூன்று மூன்றாக வெட்டச் சொல்கிறார்கள். அதில் வரும் பழுது பெரும்பாலும் ஒன்றே. ஒரு மீற்றர் நீளத்துக்கு 60 எல்ஈடி கொண்ட 5050 வகை, மீற்றருக்கு 14.4 வாட் எடுக்கும். 5 மீற்றர் என்றால் 72 வாட், 12 வோல்ற்றில் 6 அம்பியர். 2 அம்பியர் சார்ஜரில் கொழுவினால் எரிந்து அணைந்து எரிந்து அணையும். தூரத்து நுனி மங்கினால் பட்டியின் மெல்லிய செம்பில் வோல்ற் போகிறது. மறுநுனிக்கும் ஒரு வயர் இழுத்துக் கொடுங்கள்.

230 வோல்ற்றில் எரியும் வீட்டு எல்ஈடி பல்ப்பை மட்டும் இந்தத் துணிவோடு திறக்காதீர்கள். பல மலிவு பல்ப்புகளின் உள்சுற்றுக்கும் மெயின் வயருக்கும் நடுவில் எந்தப் பிரிவும் இல்லை. உள்ளே எந்த இடத்தைத் தொட்டாலும் மெயினைத் தொட்டது போலத்தான்; உச்சம் 325 வோல்ற். கழற்றிய பிறகும் கொள்ளளவியில் (கப்பாசிற்றரில்) மின் நிற்கும். சுவிச்சை அணைத்த பிறகும் அந்தப் பல்ப் லேசாக மினுங்கினால், பக்கத்து வயரில் இருந்து தொற்றும் சிறு மின்னோட்டமாக இருக்கலாம், சுவிச் நியூட்ரலில் போடப்பட்டும் இருக்கலாம். இரண்டாவது என்றால் அணைத்திருக்கும்போதும் ஹோல்டரில் உயிர் இருக்கும். வயரிங் தெரிந்த ஆளைக் கூப்பிடுங்கள்.

மாமாவின் விளக்குக்குப் போன மாசியில் வந்தது இவற்றில் எதுவுமில்லை. பகலிலும் எரிகிறது என்றார். போய் அளந்தேன்; பற்றரி, பியூஸ், நாலு வரிசை, எல்லாம் சரி. அடிவாயில் பட்டப்பகலில் 0.7 வோல்ற். ஒளியுணர் தடையி தன்னைச் சுற்றி இரவு என்று சொல்லிக்கொண்டிருந்தது. ஏறிப் பார்த்தால், பேனை மூடியின் வாயை அடைத்துக் குளவி மண் கூடு கட்டியிருந்தது. குத்தி எடுக்கப் போனேன், மாமா விடவில்லை. குளவி கூடு கட்டினால் வீட்டில் பிள்ளை பிறக்கும் என்பார்கள். அவர் மகளுக்கு அப்போதுதான் கலியாணம் முடிந்திருந்தது. கூட்டை அப்படியே விட்டுவிட்டு, புதிதாக ஒரு ஒளியுணர் தடையியை இரண்டு முழ வயரில் இழுத்துக் கூரையின் மறுபக்கம் வைத்தேன். இந்தத் தடவை மூடியின் வாயில் கண்ணாடித் துண்டு ஒன்றையும் ஒட்டிவிட்டேன்.